ஹோலி கார்டியன் ஏஞ்சலும் நம்ம காவல் சம்மனசும் ஒண்ணுதானா? 21 நாள்ல வரவச்சு தாரேன்னு ஒருத்தர் பறையுதாரு

களியக்காவிளைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு களியக்காவிளை, வேலை பாறசாலைல ஒரு மொபைல் கடைல, தினமும் பார்டர் தாண்டி போயிட்டு வாறவன். வீட்ல கத்தோலிக்கருதான். சின்னதுல எனக்க பாட்டி ராத்திரி படுக்கதுக்கு முன்ன முட்டுக்குத்தி நிக்க வச்சு காவல் சம்மனசு ஜெபம் சொல்ல வைக்கும், சொல்லாம படுத்தா தோள்கிட்ட நிக்குத சம்மனசு அழுவும்னு பறையும், நானும் பயந்து பாயில ஒரு ஓரம் அதுக்கு இடம் விட்டு படுப்பேன்.

இப்ப விஷயம் என்னன்னா, போன மாசம் யூட்யூப்ல ஒரு வீடியோ பாக்கப்போயி ஆரம்பிச்சது, ஹோலி கார்டியன் ஏஞ்சல், அலிஸ்டர் குரோலின்னு ஒரு வெள்ளைக்கார மந்திரவாதி, அப்ரமெலின்னு என்னென்னவோ. ஒண்ணு பாத்தா அவன் விடுவானா, தெறக்கும்போதெல்லாம் அதே. அப்படியே ஒரு வாட்ஸ்ஆப் குரூப்ல போய் மாட்டுனேன். அதுல ஒரு ஆளு, பேரு ஊரு வேண்டாம், 21 நாள்ல ஒனக்க ஏஞ்சலை வரவச்சு தாரேன், 15,000 ரூபா, பிறந்த தேதி தந்தா ஏஞ்சலுக்க பேரை கண்டுபிடிச்சு தருவேன், கண்ணாடிக்கு முன்ன மெழுகுதிரி கொளுத்தி வச்சு அந்த பேரை 1,008 தடவ சொல்லணும், பிறகு கடன் தீரும், எதிரி அடங்குவான், எது கேட்டாலும் காதுல வந்து சொல்லித்தரும்னு பறையுதாரு. நான் 2,000 அட்வான்ஸ் போட்டுட்டேன். போட்ட பிறகுதான் பயம் வந்துது.

இது பாட்டி சொன்ன அதே சம்மனசுதானா, இல்ல குட்டிச்சாத்தான் சேவை மாதிரி எதையாவது வெள்ளைக்காரன் பேரு மாத்தி வச்சிருக்கானா? பாதியில விட்டா பைத்தியம் பிடிக்கும்னு வேற கமெண்ட்ல போட்டிருக்கான். சாமியார்ட்ட கேட்டா செவுட்ட பொத்தி ஒண்ணு தருவாரு, அதான் இங்க கேக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சந்தேகசாமி:

15,000 ரூபாய்க்கு நல்ல சிப்பிப்பாறை குட்டி கிடைக்கும் தம்பி. காதுல வந்து சொல்லாது, குரைக்கும், அவ்ளோதான் வித்தியாசம். காவல் உத்தரவாதம்.

கொழிஞ்சாம்பாறை பழனி:

தம்பி, வணக்கமுங்க. மொதல்லயே சொல்லிடறேன், நான் இதைச் செஞ்சு முடிச்சவன் இல்லீங்க, பத்து பன்னண்டு வருசமா படிக்கிறவன், அவ்ளோதான். செஞ்சு முடிச்சேன்னு சொல்றவன் எவனும் வாட்ஸ்ஆப்ல ரேட் போட்டுட்டு உக்காந்திருக்க மாட்டான், அதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

இந்த விஷயத்துக்கு மூலம் அப்ரமெலின் புத்தகம்தானுங்க. ஜெர்மனில வோர்ம்ஸ்னு ஒரு ஊரு, அந்த ஊர் ஆபிரகாம்னு ஒரு யூதர், எகிப்துல அப்ரமெலின்ங்கற பெரியவர்கிட்ட கத்துக்கிட்டதை தன் மகன் லாமேக்குக்கு 1458ல எழுதிவெச்சதா புத்தகமே சொல்லிக்குது. நமக்குக் கிடைக்கிற பழைய ஜெர்மன் சுவடி 1608ல எழுதுனது. ஆனா உலகம் பூரா படிச்சது மேதர்ஸ்னு ஒருத்தர், கோல்டன் டான்னு 1888ல லண்டன்ல ஒரு ரகசிய மந்திர சங்கம் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், அவர் பாரிஸ்ல இருந்த ஒரு பிரெஞ்சு சுவடிய வெச்சு 1890கள் கடைசியில போட்ட இங்கிலீஷ் புத்தகத்தைத்தான். கூத்து என்னன்னா, அதுல ஆறு மாசம்னு இருக்கு, ஜெர்மன் சுவடியில ஒண்ணரை வருசம்! ஆறு மாசமே அரைகுறைங்கறபோது உங்காளு 21 நாள்ங்கறார், இன்னும் பத்து வருசம் போனா ஸ்விக்கில வந்துரும்.

அந்த ஆறு மாசத்துல என்ன செய்யறதுன்னு கேட்டா ரொம்பப் பேருக்கு ஏமாத்தமா இருக்கும். ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் ஆரம்பிக்கணும். தனியா ஒரு ஜெப அறை, பக்கத்துல ஒரு திண்ணை மாதிரி வெளித்தளம், அதுல ரெண்டு விரக்கடை உயரத்துக்கு சுத்தமான ஆத்து மணல் பரப்பணும் (இன்னிக்கு நம்மூர்ல ஆத்து மணல் கேட்டீங்கன்னா ஏஞ்சல் வர்றதுக்குள்ள போலீசு வந்துரும்). விடியறதுக்கு முன்னாடி ஒருக்கா, ராத்திரி ஒருக்கா உள்ள போயி ஜெபம் பண்ணணும், கடைசி ரெண்டு மாசம் மூணு வேளை. மந்திரம் கிடையாதுங்க! அதுதான் முக்கியம். எழுதிவெச்ச ஜெபத்தை ஒப்பிக்காதே, உன் நெஞ்சுல இருந்து வர்றதைப் பேசுன்னு அந்தப் பெரியவரே எழுதியிருக்கார். 1,008 தடவை பேர் சொல்ற கணக்கு அதுல எங்கயுமில்ல. கடைசியில ஏழெட்டு வயசுக் குழந்தை ஒண்ணைக் கூட்டிட்டு வந்து வெள்ளித் தகட்டைப் பாக்கச் சொல்லுவாங்க, ஏஞ்சல் வந்தது முதல்ல அந்தக் குழந்தைக்குத்தான் தெரியும்.

இப்ப உங்க ஆளு சொல்ற கடன் தீர்றது, எதிரி அடங்கறதுக்கு வர்றேன். அந்த மாதிரி வேலையெல்லாம் புத்தகத்துல இருக்குதுங்க, இல்லேன்னு சொல்லமாட்டேன், புதையல் எடுக்கறது, பறக்கறதுன்னு கட்டங்கட்டமா எழுத்துச் சக்கரமே இருக்குது. ஆனா அந்த வேலைய செய்யறது ஏஞ்சல் கிடையாது. ஏஞ்சல் வந்ததுக்கு அப்புறம், அது சொல்லித்தர்ற முறைப்படி லூசிஃபர், லெவியாதன், சாத்தான், பெலியால்னு நாலு தலைங்களையும் அதுக்குக் கீழ எட்டுப் பேரையும் கூப்பிட்டு சத்தியம் வாங்கணும், வேலைக்காரங்க அந்தக் கூட்டந்தான். ஏஞ்சல் குரு ஸ்தானம். குருவைக் கூப்பிட்டு கடைக்குப் போயி பீடி வாங்கிட்டு வாங்கன்னு சொல்லுவீங்களா? இங்க முக்காவாசிப் பேரு தப்புப் பண்றது இந்த எடத்துலதான். இன்னொரு கூட்டம் தலைகீழா, ஏஞ்சலே வேண்டாம், அந்தச் சக்கரத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து பர்ஸ்ல வெச்சுக்கிட்டுச் சுத்துது.

"நாலெட்ஜ் அண்ட் கான்வர்சேஷன்"னு ஒரு வார்த்தை அந்த வீடியோல கேட்டிருப்பீங்க. கான்வர்சேஷன்னதும் நம்மாளுக காதுல வந்து பேசும்னு நெனச்சுக்கறாங்க, கர்ண யட்சிணி மாதிரி. பழைய இங்கிலீஷ்ல அந்த வார்த்தைக்கு கூடவே இருந்து பழகறதுன்னு அர்த்தமுங்க. தமிழ்ல சொன்னா சகவாசம். அறிமுகமும் சகவாசமும், அவ்ளோதான் அந்தப் பேரு. 21 நாள்ல அறிமுகம் வேணா ஆகலாம், சகவாசம் ஆகுமா?

நைட்_ஷிப்ட்_ராஜா:

பழனி அண்ணா நல்லா சொன்னீங்க ஆனா ஒரு கரெக்ஷன், எச்ஜிஏ, அதான் ஹோலி கார்டியன் ஏஞ்சல்னா வெளிய இருந்து வர்ற ஆள் இல்ல ப்ரோ, அது நம்ம ஹையர் செல்ஃப் தான், குரோலியே சொல்லிருக்காரு. நம்ம ஊர்ல ஆன்மான்னு சொல்றோம்ல அதான், ஏஞ்சல்ங்கிறது சும்மா சிம்பல், இதுக்கு போய் பயப்படவே தேவையில்ல, டெய்லி மெடிடேஷன் பண்ணா போதும்.

கொழிஞ்சாம்பாறை பழனி:

ராஜா, குரோலி சொன்னார்ங்கறீங்க, எந்த வருசத்து குரோலின்னு கேக்கணுமுங்க. அந்த மனுசன் ஒரே எடத்துல நின்னவர் இல்ல. 1898ல கோல்டன் டான்ல சேர்ந்தார், அங்க இதை மேலான ஜீனியஸ்னு சொன்னாங்க (மேதைங்கற அர்த்தமில்ல, கூடவே இருக்கற காவல் ஆவி), உறுதிமொழியிலயே வரும். 1899ல ஸ்காட்லாந்துல லாக் நெஸ் ஏரிக்கரைல போல்ஸ்கைன்னு ஒரு வீட்டை வாங்குனதே இந்த அப்ரமெலின் வேலைய செய்யறதுக்குத்தான். 1900ல சங்கத்துக்குள்ள அடிதடி, மேதர்ஸுக்கு கை குடுக்கறதுக்கு பாதில விட்டுட்டு பாரிசுக்கு ஓடிட்டார். தம்பி கேட்டாரே பாதில விட்டா பைத்தியம்னு, அந்தக் கதையெல்லாம் இந்த வீட்டைச் சுத்திக் கிளம்புனதுதானுங்க. வீடு அப்புறம் 2015லயும் 2019லயும் தீப்பிடிச்சுதா, கதைக்கு இன்னும் நெய் ஊத்துன மாதிரி ஆயிருச்சு. குரோலிக்குப் பைத்தியம் ஒண்ணும் பிடிக்கல, கைக்காசு பூரா கரைச்சார், அது வேற விஷயம்.

ஆரம்பத்துல அவர் எழுதுனதைப் பாத்தா நீங்க சொல்ற மாதிரிதான் இருக்கும். இந்தப் பேரை ஏன் பிடிச்சேன்னா, இது கேக்கறப்பவே அபத்தமா இருக்கு, எவனும் இதை வெச்சுத் தத்துவம் பேசி பொழுதை ஓட்டமாட்டான்ங்கற மாதிரி எழுதியிருக்கார். (நாம அதைத்தான் பண்ணிட்டிருக்கோம், பாத்துக்கங்க.) ஆனா கடைசிக் காலத்துல, 1940கள்ல ஒரு சிஷ்யைக்கு எழுதுன கடுதாசிகள்ல தலைகீழா மாத்திட்டார். ஏஞ்சல் உன்னோட ஹையர் செல்ஃப் இல்லவே இல்ல, தனியா ஒரு ஆளு, உன்னை மாதிரி அதுக்கும் சொந்தமா ஒரு இருப்பு உண்டுன்னு அடிச்சுச் சொல்றார். 1904ல கெய்ரோல தனக்குப் புத்தகம் சொல்லிக் குடுத்ததா அவர் சொன்ன ஐவாஸ்ங்கற அமானுஷ்ய ஆளுதான் தன் ஏஞ்சல்னும் 1936ல அச்சுல போட்டார். அதனால "குரோலியே சொல்லிட்டார்"ங்கறது ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லும், நம்ம ஊர் பஞ்சாயத்துல சில பேரு இருப்பாங்களே அது மாதிரி. அப்ரமெலின் புத்தகத்தை மட்டும் பாத்தீங்கன்னா அது வெளிய இருந்து வர்ற தூதன்தான், அதுல சந்தேகமே இல்ல.

இன்னொண்ணு, ஆன்மாவும் இதுவும் ஒண்ணுன்னு சட்டுன்னு சொல்லிட முடியாதுங்க. சங்கதி தெரியாம சொல்லலை, இந்தக் கூட்டத்துக்கும் நம்மாளுங்களுக்கும் நேரடிப் பழக்கமே இருந்துச்சு. குரோலியோட குருவும் சிநேகிதனுமான ஆலன் பென்னட் இலங்கைக்குப் போயி, பொன்னம்பலம் இராமநாதன் வீட்ல அவர் பசங்களுக்கு வாத்தியாரா இருந்தார், அப்படியே அவர்கிட்ட யோகம் கத்துக்கிட்டார். நம்ம சர் பொன்னம்பலம் இராமநாதன்தானுங்க, யாழ்ப்பாணத்துல காலேஜ் எல்லாம் கட்டுனாரே அவரேதான். 1901ல குரோலியும் போயி கண்டியில ரெண்டு பேருமா ஒரு பங்களா எடுத்து யோகம் பண்ணுனாங்க. அப்புறம் இந்தப் பக்கம் வந்து மதுரைப் பக்கத்துல கோவணம் கட்டி பிச்சைப் பாத்திரத்தோட உக்காந்தேன், கோயில் உள்ள விட்டாங்கன்னு சுயசரிதைல எழுதியிருக்கார், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் சொல்ல வர்றது, ஆன்மா, சமாதியெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறமும் அவர் ஏஞ்சலை விடலை, ரெண்டையும் ரெண்டாத்தான் வெச்சிருந்தார்.

தங்கம் டீச்சர்:

தம்பி நான் மார்த்தாண்டம் பக்கம்தான், பங்குல மறைக்கல்வி எடுக்கேன். ஒனக்க பாட்டி சொன்னதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த நான் சொல்லுதேன், மந்திரவாதம் எனக்குத் தெரியாது, சபையில உள்ளது தெரியும்.

காவல் சம்மனசுங்கது (இப்ப வானதூதர்னு சொல்லுதோம், பழையவங்க வாயில சம்மனசுதான்) பிறந்ததுலேருந்து ஒனக்கு உண்டு. வரவைக்க வேண்டிய காரியமே இல்ல. மத்தேயு 18:10ல இயேசு சின்னப்பிள்ளைகளுக்க தூதர்களப் பத்தி சொல்லுதாருல்லா, அதான் அடிப்படை. அக்டோபர் 2 திருநாள். ஜெபம் சொன்னாலும் சொல்லாட்டாலும் அவரு போகமாட்டாரு, பாட்டி அழுவும்னு சொன்னது ஒன்ன ஜெபம் சொல்ல வைக்கதுக்கு. எங்க வீட்லயும் அதே கததான், எங்க அம்மா சம்மனசு சிறகு நனஞ்சிரும்னு பறையும்.

பேரு கண்டுபிடிச்சு தாரேன்னானே, அங்கதான் எனக்கு சிரிப்பு வந்துது. நம்ம பைபிள்ல பேரோட வாறது மிக்கேல், கபிரியேல், ரபேல் மூணு பேருதான், ரபேல் தோபித்து ஆகமத்துல வாறாரு. அதத் தவிர வேற பேரு சம்மனசுகளுக்கு வைக்கப்பிடாதுன்னு வத்திக்கான்லேருந்தே மக்கள் பக்திமுயற்சி பத்தி வந்த வழிகாட்டில எழுதியிருக்கு. அப்ப காவல் சம்மனசுக்கு பேரு விக்குதவன் சபைக்காரன் இல்ல. அது மட்டும் உறுதி. சாமியார்ட்ட போ, செவுட்டுல ஒண்ணும் தரமாட்டாரு, போனா சாயா தருவாரு.

களியக்காவிளைக்காரன்:

டீச்சர் ரொம்ப நன்றி, சிறகு நனையுதத கேட்டு சிரிச்சிட்டேன். பழனி அண்ணே, அந்த ஆளுட்ட இந்த மணல், ஆறு மாசம் எல்லாம் கேட்டேன், அதெல்லாம் பழைய முறை, நம்மது கபாலா முறை (யூதருக்க ரகசிய ஞானமாம்), 72 ஏஞ்சல் உண்டு, பிறந்த தேதிக்கு உள்ளது எதுவோ அதான் ஒனக்க கார்டியன் ஏஞ்சல்னு பறையுதாரு. சார்ட்டும் அனுப்புனாரு, அஞ்சு அஞ்சு நாளா பிரிச்சு பேரு போட்டிருக்கு. அது உள்ளதா? பிறகு குட்டிச்சாத்தான் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல.

கொழிஞ்சாம்பாறை பழனி:

72 பேரு உள்ளதுதானுங்க, பொய்யில்ல. யாத்திராகமம் 14ல 19, 20, 21ன்னு மூணு வசனம், எபிரேயத்துல ஒவ்வொண்ணுலயும் சரியா 72 எழுத்து. முதல் வசனத்தை நேரா, ரெண்டாவதைத் தலைகீழா, மூணாவதை நேரா எழுதி மேலருந்து கீழ மூணு மூணு எழுத்தாப் படிச்சா 72 பேரு வரும். ரொம்பப் பழைய யூத முறை. அதை வருசத்துமேல அஞ்சு அஞ்சு நாளாப் பரப்பி, 72 பெருக்கல் 5, 360ன்னு ராசிச் சக்கரத்தோட பொருத்துனது பின்னாடி வந்தவங்க வேலை. அதுவும் ஒரு பாரம்பரியம்தான், ஆனா அந்தக் கணக்குப்படி பாத்தா உங்ககூட அதே அஞ்சு நாள்ல பொறந்த அத்தனை பேத்துக்கும் ஒரே ஏஞ்சல். அப்ரமெலின்ல உங்களுக்குன்னு ஒண்ணு, அதோட பேரை எந்தச் சார்ட்டும் சொல்லாது. அதுவே வந்து சொல்லணும்.

இந்தச் சண்டை 1,700 வருசம் பழசுங்க. கிரேக்கத்துல இதை டைமோன்னு சொல்லுவாங்க. போர்ஃபிரின்னு ஒருத்தர் ஜாதகத்தை வெச்சு அவனவன் டைமோனைக் கண்டுபிடிக்கலாமான்னு கேள்வி கேட்டு எழுதறார், அதுக்கு இயாம்ப்ளிகஸ் பதில் எழுதறார், ஜாதகக் கட்டத்துல தேடறது மனுசக் கணக்கு, இது அதுக்கும் மேல இருந்து வர்றது, தெய்வ காரியத்தாலதான் தெரியும்னு. சாக்ரடீசுக்கு ஒண்ணு இருந்துச்சே, அதைப் பத்தி பிளேட்டோ எழுதறப்ப அது எப்பவும் "வேண்டாம்"னு தடுக்க மட்டும்தான் செய்யும், இதைச் செய்னு ஒருநாளும் தூண்டாதுங்கறார். லாட்டரி நம்பர் எல்லாம் சொல்லலீங்க. உங்களுக்கு அட்வான்ஸ் போட்டதுக்கு அப்புறம் ஒரு பயம் வந்துச்சு பாருங்க, நான் ஒண்ணும் சொல்லலை.

குட்டிச்சாத்தானுக்கு வர்றேன். எங்க பக்கம் பெரிங்கோட்டுகரை குட்டிச்சாத்தான் கோயிலுக்குப் போறவங்க நெறையப் பேரு, எங்க சித்தப்பா வருசம் தவறாமப் போவார், அதனால அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். அது சுவாமிகிட்ட வேண்டுதல் வெச்சு காரியம் கேக்கறது, அதுக்குன்னு குடும்பம், கோயில், முறை இருக்கு. இது வேற ஜாதி. இங்க நீங்க காரியம் கேக்கப்போறதில்ல, உங்களை மாத்திக்கப் போறீங்க. ஒப்பிடணும்னா உபாசனா மூர்த்தின்னு வேணா சொல்லலாம், அதுவும் முழுசாப் பொருந்தாது, ஏன்னா உபாசனைல மூர்த்தியையும் மந்திரத்தையும் குரு குடுப்பார். இதுல குருவே அந்த ஏஞ்சல்தான், நடுவுல இன்னொரு மனுசன் வாங்கித்தர முடியாது. 15,000 இல்ல, 15 லட்சம் குடுத்தாலும்.

சந்தேகசாமி:

பழனி அண்ணாச்சி, இவ்வளவு படிச்சிருக்கீக, ஒரு தடவ கூட செஞ்சு பாக்கலையா? உண்மைய சொல்லணும்.

கொழிஞ்சாம்பாறை பழனி:

எண்ணெய் மட்டும் செஞ்சனுங்க. அதோட நிறுத்திட்டேன்.

அப்ரமெலின் எண்ணெய்னு ஒண்ணு, நெத்தில தடவிக்கறது. மேதர்ஸ் புத்தகத்துல வெள்ளைப்போளம், பட்டை, அரத்தை, ஆலிவ் எண்ணெய். ஜெர்மன் சுவடியில அரத்தை எடத்துல வசம்பு. பாலக்காடு வலியங்காடில ஒரு மருந்துக்கடைல போயி வசம்பு கேட்டேன், மலையாளத்துல வயம்புன்னு சொல்லணும், கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கிட்டே "குட்டிக்காணோ?"ன்னார், குழந்தைக்கான்னு கேக்கறார். ஆமான்னேன், வேற என்ன சொல்றது, ஏஞ்சலுக்குன்னா சொல்ல முடியும்? எங்க அம்மா அதைப் பேர் சொல்லிக்கூட கேக்க மாட்டாங்க, பேர்சொல்லாததுன்னுதான் சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்தா பட்டையை இடிச்சு ஊறவைக்க சோம்பேறித்தனம், நெட்ல குரோலியோட முறைன்னு ஒண்ணு, பட்டைத் தைலத்தையே நேரா கலக்கறது. அப்படியே கலந்து நெத்தி, கழுத்து, மணிக்கட்டுன்னு தாராளமா பூசுனேன். ரெண்டு நிமிசம், மொளகா அரைச்ச கையைக் கண்ணுல வெச்ச மாதிரி. நெத்தில செவசெவன்னு ரூபாய்க்காசு அளவுக்கு வட்டமா தடிச்சுப்போச்சு. எங்க வீட்டுக்காரம்மா தேங்காயெண்ணெய வழிச்சுப் போட்டுக்கிட்டே யாரு வந்தாங்கன்னு கேட்டாங்க, யாரும் வரலைன்னேன். மூணு நாள் கம்பெனிக்குத் தொப்பி போட்டுட்டுப் போனேன். பட்டைத் தைலத்தை யாரும் அப்படியே தோல்ல போடாதீங்க, அது மட்டும் என் அனுபவம்.

தங்கம் டீச்சர்:

அந்த எண்ணெய் மந்திரவாதியுக்க கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல, மோசேக்கு ஆண்டவர் சொன்ன திருப்பூச்சு எண்ணெயப் பாத்துதான் செஞ்சிருக்காங்க, யாத்திராகமம் 30ல கெடக்கு. பழைய தமிழ் பைபிள எடுத்துப் பாருங்க, வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, சுகந்த வசம்புன்னே போட்டிருக்கும். அப்ப அந்த ஜெர்மன்காரன் எழுதுனதுதான் செரி. அதுலேயே வேற ஒண்ணும் உண்டு, அத மாதிரி சொந்தமா செஞ்சு பூசக்கூடாதுன்னு. நெத்தி பொள்ளுனது அதனால இருக்கும்.

களியக்காவிளைக்காரன்:

ஹஹா டீச்சர்.

நான் அந்த ஆளுக்கு மெசேஜ் போட்டேன், ஒரே சார்ட்டுல அஞ்சு நாளுக்கு ஒரு ஏஞ்சல்னா எனக்குன்னு தனியா எப்படி வரும்னு. டைப்பிங் டைப்பிங்னு காட்டுச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு போட்டோ போச்சு, ஸ்டேட்டஸ் போச்சு. பிளாக்கு. 2,000 அந்த வழிக்கு போச்சு, வீட்ல சொல்லல, ரீசார்ஜ் கணக்குல எழுதிக்கிடலாம்.

பழனி அண்ணே, வசம்பு எங்க வீட்டு கெணத்தடியில தானா வளந்து நிக்கும், பாட்டி வச்சது. வேணும்னா பறிச்சு காயவச்சு அனுப்பட்டா? பட்டைய மட்டும் நீங்களே இடிச்சுக்கிடுங்க.